பழைய டூயல் ஸ்போர்ட் பைக்கைத் தினசரி ஓட்டத்துக்குத் தயார் செய்வது எப்படி?

மண் பாதைக்கும் தார்ச்சாலைக்கும் பொதுவாகச் செய்யப்பட்ட டூயல் ஸ்போர்ட் பைக், ஓட்டக் கற்றுக்கொள்பவருக்கு மிகவும் ஏற்ற வண்டி. எடை குறைவு, ஹேண்டில் பார் அகலம், சாய்ந்தாலும் உடைய அதிகம் ஒன்றுமில்லை. ஆனால் பழையதாகக் கைக்கு வரும்போது, அது காட்டு வழியில் ஓடியவருக்குப் பொருந்தும்படி இருக்கும். மேடான ரப்பர் கட்டைகள் கொண்ட பட்டன் டயர், எட்டாத சீட், தேய்ந்த செயின், வெட்டி ஒட்டிய ஒயர் எல்லாம் சேர்ந்தே வரும். இதைச் சரிசெய்ய இறங்குபவர்களில் பலர் எஞ்சினில் தொடங்குகிறார்கள். பிரேக், ஸ்டீயரிங், டயர் மூன்றையும் முடித்துவிட்டு எஞ்சினுக்குப் போங்கள். புதியவருக்கு வேகம் தேவையில்லை, தான் நினைத்தபடி வண்டி நடந்துகொள்ள வேண்டும்.

உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்), ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), மல்டிமீட்டர், வண்டியைத் தூக்கி நிறுத்த ஒரு ஸ்டாண்டு ஆகியவை வேண்டும். கீழே வரும் அளவுகள் பொதுவானவை. மேனுவல் வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

படி 1: ஆட்டம் பாருங்கள்

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரு குழாய்களின்) அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். 'டக்' என்று ஆடினால் ஸ்டீயரிங் பேரிங் தளர்ந்திருக்கிறது, இறுக்கிப் பார்க்கலாம். ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நேர் நிலையில் சிக்கி நின்றால், பேரிங் ஓடும் தடம் குழிவிழுந்துவிட்டது. அதை இறுக்கிப் பயனில்லை, செட்டாக மாற்ற வேண்டும். பின்சக்கரத்தைப் பக்கவாட்டிலும் மேலும் கீழும் அசைத்து, ஸ்விங் ஆர்மையும் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) அதன் கீழே இருக்கும் லிங்கேஜையும் (அதைப் பின் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பாகங்கள்) சோதியுங்கள். லிங்கேஜைப் பெரும்பாலும் யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. பிரஷர் வாஷ் அடித்து அடித்து கிரீஸ் போய், உள்ளே ஊசி பேரிங் துருப்பிடித்திருக்கும். கழற்றி, துடைத்து, தண்ணீரைத் தாங்கும் கிரீஸ் வைத்து மாட்டுங்கள்.

சக்கரக் கம்பிகளை ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். மந்தமான சத்தம் தருவது தளர்ந்த கம்பி. ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் இறுக்கினால் ரிம் கோணிவிடும்.

ஃபோர்க்கில் எண்ணெய் வளையம் தெரிந்தால் உடனே சீல் வாங்க ஓடாதீர்கள். தூசி சீலைக் கீழே இறக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் எண்ணெய் சீலின் உதட்டில் மாட்டிய மண்ணை வழித்து எடுத்தால் பல நேரம் கசிவு நின்றுவிடும். நிற்காவிட்டால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள்.

படி 2: பிரேக்

பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய திரவம் சூட்டில் கொதித்து ஆவியாவதால் லீவர் தொளதொளவென்று உள்ளே போகும். டப்பாவில் காப்பி நிறத்தில் இருந்தால் முழுவதையும் மாற்றுங்கள். மூடியில் டாட் 4 என்று இருந்தால் அதையே ஊற்றுங்கள். டாட் 5 சிலிகான் வகை, அதை இதோடு கலக்கக் கூடாது.

பிரேக் குழாயில் சிக்கிய காற்றை எடுக்கும்போது வரிசை மாறக் கூடாது: லீவரை அழுத்திப் பிடியுங்கள், காலிப்பரில் உள்ள நிப்பிளைத் திறந்து மூடுங்கள், அதன் பிறகே லீவரை விடுங்கள். டப்பாவில் திரவம் தீர்ந்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும், முதலிலிருந்து செய்ய வேண்டும். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பேட் 2 மி.மீ.க்குக் கீழ் வந்திருந்தாலும் ஃபோர்க் எண்ணெயில் நனைந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். நனைந்த பேடைக் கழுவிப் போடுவது ஆபத்து. காலிப்பர் நகரும் பின்களில் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். புதுப் பேட் போட்ட பிறகு லீவர் கெட்டியாகும்வரை அழுத்திப் பார்க்காமல் வண்டியை நகர்த்தாதீர்கள். முதல் சில அழுத்தங்களில் பிரேக் பிடிக்கவே பிடிக்காது.

படி 3: டயர்

பட்டன் டயர் நனைந்த தார்ச்சாலையில் வழுக்கும். தினசரி ஓட்டத்துக்குச் சாலைப் பக்கம் சாய்ந்த 80/20 வகை (80 சதவீதம் சாலைக்கு, 20 சதவீதம் மண்ணுக்கு) போதும். டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் மிச்சமிருந்தாலும் ரப்பர் கெட்டியாகியிருக்கும், ஐந்தாறு ஆண்டு தாண்டியதை மாற்றுங்கள். கம்பிச் சக்கரம் பெரும்பாலும் டியூப் வைத்தது. டயரோடு டியூபையும் ரிம் டேப்பையும் புதிதாகப் போடுங்கள். மண் பாதைக்காக இறக்கிவைத்த காற்றழுத்தத்தைச் சாலை அளவுக்கு ஏற்றுங்கள்.

படி 4: உயரம்

புதியவர் வண்டியைக் கீழே போடுவது பெரும்பாலும் நிற்கும்போதும் மெதுவாகத் திரும்பும்போதும்தான். இரண்டு குதிகாலும் தரையில் பட வேண்டியதில்லை, இரண்டு முன்பாதம் உறுதியாகப் பட்டால் போதும்.

முதலில் பின் சஸ்பென்ஷனின் ஸ்பிரிங் அழுத்தத்தைப் பாருங்கள். கனமானவருக்கு இறுக்கிவைத்ததை இலகுவானவர் ஓட்டினால் வண்டி இறங்கவே இறங்காது. ஓட்டுபவர் உட்கார்ந்ததும், சஸ்பென்ஷனின் மொத்தப் பயணத்தில் (அது மேலும் கீழும் நகரக்கூடிய தூரத்தில்) சுமார் மூன்றில் ஒரு பங்கு இறங்க வேண்டும். 240 மி.மீ. பயணமென்றால் 80 மி.மீ. பின் அச்சிலிருந்து நேர் மேலே ஒரு புள்ளி வரை, சக்கரம் தொங்கும்போது ஒரு தடவையும் ஆள் உட்கார்ந்த பிறகு ஒரு தடவையும் அளந்து கழியுங்கள்.

அடுத்தது சீட் ஃபோம். மேலே சீவுவதைவிட, முன்பகுதியின் இரு ஓரத்தையும் சரித்துச் சீவுங்கள். தொடை விரியாமல் கால் நேராக இறங்கும், மெத்தையும் மிஞ்சும்.

இவை போதாவிட்டால் மட்டும் லோயரிங் லிங்க் (பின்பக்க உயரத்தைக் குறைக்கும் மாற்று லிங்கேஜ் பாகம்) போடுங்கள். பின்பக்கத்தை மட்டும் இறக்கினால் முன்சக்கரம் இலேசாகி வண்டி திரும்பச் சோம்பும். அதற்கு ஈடாக, ஃபோர்க்கைக் கிளாம்பில் தளர்த்தி இரு பக்கமும் ஒரே அளவு மேலே ஏற்றுங்கள், 10 முதல் 20 மி.மீ. வரை. சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது டயர் எதிலும் இடிக்கக் கூடாது. சைடு ஸ்டாண்டையும் குறைத்தாக வேண்டும். நீளமாகவே விட்டால் வண்டி நெட்டுக்குத்தாக நின்று, இலேசாகத் தட்டினாலும் மறுபக்கம் சாயும். பலர் மறப்பது இதைத்தான்.

படி 5: செயின்

சாலை பைக் பழக்கத்தில் செயினை இறுக்கிவைப்பது இந்த வண்டியில் பெரிய தவறு. பின்சக்கரம் மேலே எழும்போது முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்), ஸ்விங் ஆர்ம் அச்சு, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும். அப்போதுதான் செயின் அதிகமாக இழுபடும். அங்கே தொய்வு இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் வெளித்தண்டின் பேரிங் அடிவாங்கும். அதனால் 35 முதல் 50 மி.மீ. வரை தொய்வு வையுங்கள். சக்கரத்தைச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தில் அளக்க வேண்டும். மாற்றினால் செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்தே மாற்றுங்கள்.

நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறினால் முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டலாம். 14க்குப் பதில் 15 போட்டால், அதே வேகத்தில் எஞ்சின் சுழற்சி சுமார் 7 சதவீதம் குறையும். ஆனால் கிளட்ச் இன்னும் பழகாதவருக்குக் கிளம்புவது கடினமாகும், அவர் பழகும்வரை பழைய பல்லே இருக்கட்டும்.

படி 6: எஞ்சின்

சோக் போட்டால் மட்டும் ஓடி, எடுத்ததும் நின்றால் கார்புரேட்டரின் பைலட் ஜெட்டை (ஐட்லிங்குக்குப் பெட்ரோல் தரும் சிறு துளை) சந்தேகப்படுங்கள். நாட்பட்ட பெட்ரோல் காய்ந்து அந்த நுண்துளையை அடைத்திருக்கும். கார்ப் கிளீனரும் காற்றும் அடியுங்கள், கம்பி விட்டால் துளை பெரிதாகிவிடும். பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்ச்சர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் முட்டும்வரை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எழுதிவையுங்கள்.

ஃபோம் ஏர் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து, ஃபில்டர் எண்ணெய் தடவிப் பிழிந்து மாட்டுங்கள். காய்ந்த ஃபோம் வழியே நுண்தூசி நுழைந்து பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும். கிளட்ச் எஞ்சின் எண்ணெயிலேயே நனைந்திருப்பதால், ஜாஸோ எம்.ஏ. (JASO MA) முத்திரை உள்ள எண்ணெய் ஊற்றுங்கள். சில கார் எண்ணெய்களில் கிளட்ச் வழுக்கும். எண்ணெய் வடிக்கும் டிரெயின் போல்ட்டின் வாஷர் புதியதாக இருக்கட்டும்.

வால்வு இடைவெளியை எஞ்சின் முழுதாகக் குளிர்ந்த பிறகு அளக்கவும். இறுகிய வால்வு சத்தமே போடாது. எஞ்சின் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது அதன் ஓர் அடையாளம்.

படி 7: மின்சாரமும் கட்டுப்பாடுகளும்

ஓய்வில் பேட்டரி சுமார் 12.6 வோல்ட், எஞ்சின் சுழற்சியை உயர்த்தினால் 13.5 முதல் 14.5 வோல்ட் காட்ட வேண்டும். சைடு ஸ்டாண்டு சுவிட்சையும் கிளட்ச் சுவிட்சையும் முன்னவர் ஒயரால் நேராக இணைத்திருந்தால், பழையபடி மாற்றுங்கள். புதியவர் ஸ்டாண்டை எடுக்க மறப்பது சகஜம், அந்த சுவிட்ச் அவரைக் காக்கும்.

கிளட்ச் லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை தளர்வு வையுங்கள். எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். சத்தம் ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது. அப்படியே சாலைக்கு எடுத்துப் போகக் கூடாது.

ஒற்றை சிலிண்டர் அதிர்வில் போல்ட் தளரும். முதல் 100 கி.மீ. முடிந்ததும் அச்சு நட்டு, காலிப்பர் போல்ட், ஸ்ப்ராக்கெட் நட்டு, சக்கரக் கம்பி, செயின் தொய்வு எல்லாவற்றையும் மறுபடி சரிபாருங்கள். டார்க் ரெஞ்சில் இறுக்கியதும் போல்ட் தலையில் பெயின்ட் பேனாவால் கோடு போட்டுவைத்தால், அடுத்த தடவை தளர்ந்தது எது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.