சூவர்டை ஐந்து நிமிடத்தில் பேசுவது எப்படி

பேத்திக்குப் பள்ளியில் ஐந்து நிமிடத் தமிழ்ப் பேச்சு. 19ஆம் நூற்றாண்டுத் தலைவர் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும். லிங்கனை வகுப்பில் ஏற்கெனவே இரண்டு பேர் எடுத்துக்கொண்டார்களாம். "சரி, அவரிடம் தோற்றவரை எடுத்துக்கோ" என்றேன். அமெரிக்க அரசியல்வாதி வில்லியம் சூவர்ட். எழுத்துக்கூட்டினால் சீவர்ட் என்றுதான் வாயில் வரும், அதனால் முதலில் பெயரைச் சொல்லிப் பழகுங்கள்.

சிங்கப்பூரின் தோ பாயோ நூலகத்தில் உட்கார்ந்து அவள் எழுதிய முதல் வரி, "1801இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார்." அடித்துவிடச் சொன்னேன். பிறந்த தேதியில் தொடங்கினால் பின்வரிசை தூங்கிவிடும். 1860 மே மாதம், சிகாகோவில் தொடங்குங்கள். குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறது. முதல் சுற்றில் சூவர்டுக்கு 173½ வாக்கு, லிங்கனுக்கு 102. "அரை வாக்கா தாத்தா?" என்றாள். கேட்பவர்களுக்கும் அது தோன்றும். அங்கே கொஞ்சம் நிறுத்தி, சில பேராளர்களுக்கு ஆளுக்கு அரை வாக்குதான் என்று சொல்லுங்கள். மூன்றாம் சுற்றில் லிங்கன் வென்றார்.

அப்புறம் பின்னால் போகலாம். ஆளுநர், 1849 முதல் செனட்டர் என்று இரண்டு வாக்கியம் போதும். ஆனால் 1859இல் ஆபர்ன் ஊரில் ஹாரியட் டப்மனுக்கு வீடும் நிலமும் விற்றதை விட்டுவிடாதீர்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர் அவர். தப்பியவர்களைப் பிடித்துக் கொடுக்கச் சட்டமே இருந்த காலம், விற்றவரோ செனட்டர்.

ஒரு குறையும் சொல்லுங்கள். 1861இல் வெளியுறவு அமைச்சரான ஒரு மாதத்திற்குள், ஆட்சியையே தான் நடத்தத் தயார் என்கிற தொனியில் லிங்கனுக்குக் குறிப்பு எழுதினார். லிங்கன் பணிவாக மறுத்துவிட்டார்.

ஒன்றரை நிமிடத்தை 1865 ஏப்ரல் 14 இரவுக்கு ஒதுக்குங்கள். குதிரைவண்டி விபத்தில் தாடை உடைந்து சூவர்ட் படுக்கையில் கிடக்கிறார். மருந்து கொண்டுவந்திருக்கிறேன் என்று ஒருவன் வீட்டுக்குள் நுழைகிறான். கத்தியால் அவர் முகத்தைக் கிழிக்கிறான். அதே இரவில்தான் லிங்கன் நாடக அரங்கில் சுடப்பட்டார். சூவர்ட் பிழைத்துக்கொண்டார். இங்கே பேத்தி கையை ஓங்கி நடித்துக் காட்டினாள். அதெல்லாம் வேண்டாம், குரலைத் தாழ்த்தினாலே போதும்.

கடைசியில் அலாஸ்கா. 1867, ரஷ்யாவிடமிருந்து 7.2 மில்லியன் டாலருக்கு வாங்கினார். சதுர கிலோமீட்டர் கணக்கு யார் மனதிலும் நிற்காது. சிங்கப்பூரைப் போல் 2000 மடங்குக்கும் மேல் என்று சொல்லுங்கள். கேலி பேசியவர்கள் அதைச் "சூவர்டின் ஐஸ்பெட்டி" என்றார்கள். அங்கே காலங்காலமாக வாழ்ந்தவர்களை இரு தரப்பும் கேட்கவில்லை என்பதையும் ஒரு வரியில் சேருங்கள்.

எங்கள் முதல் ஒத்திகை ஏழு நிமிடம் ஓடியது. ஆளுநர் பதவியை வெட்டினோம். ஐஸ்பெட்டியை வெட்ட அவள் சம்மதிக்கவே இல்லை.