வெற்றுக் கட்டம் வேறு, பூச்சியம் வேறு: நீர்ப்பறவைக் கணக்கைப் பகுப்பாய்வுக்குத் தயார்செய்வது

ஜனவரிதோறும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு போன்றவற்றின் தரவு பெரும்பாலும் நீளவாக்கில், பதிவுக்கு ஒரு வரிசையாக வரும்: ஏரி, தேதி, இனம், எண்ணிக்கை. பகுப்பாய்வுக்கு ஏரிக்கு ஒரு வரிசை, இனத்துக்கு ஒரு நெடுவரிசை வேண்டும். புள்ளியியலுக்கான ஆர் கணினி மொழியில் அது ஒரே கட்டளைதான். ஆனால் அதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை நிறைய.

முதலில் பெயர்கள். பெரிய கொக்கு பழைய பதிவுகளில் எக்ரெட்டா ஆல்பா, காஸ்மரோடியஸ் ஆல்பஸ், இப்போது ஆர்டியா ஆல்பா. விட்டுவைத்தால் ஒரே பறவை மூன்று நெடுவரிசையாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் பொய்ப் பூச்சியங்கள் நிரம்பும். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஒரு காலி இடமும் இதே வேலையைச் செய்யும். ‘இனம் தெரியாத உள்ளான்’ (உள்ளான் என்பது சிறு கரைப்பறவை) என்பதைத் தனி இனமாக வைக்காதீர்கள். அது பறவையைக் காட்டாது, எண்ணியவரின் தொலைநோக்கியைத்தான் காட்டும். நிறைய இருந்தால் எல்லா ஏரிகளிலும் உள்ளான்களை ஒரே தொகுதியாக்குங்கள், சொற்பமென்றால் நீக்குங்கள்.

ஒரே ஏரிக்கு இரண்டு பதிவு இருந்தால் காரணம் பாருங்கள். காலையும் மாலையும் எண்ணியதென்றால் அதே பறவைகள்தான். பெரிய எண்ணை எடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரு கரைகளில் பிரித்து எண்ணியதென்றால் கூட்டலாம்.

இப்போது அட்டவணையைத் திருப்புங்கள். தேடியும் காணாத பறவைக்கு 0. ஓர் ஏரியில் வாத்துகளை மட்டும் எண்ணி உள்ளான்களை விட்டிருந்தால் அந்தக் கட்டங்கள் வெறுமையாகவே இருக்கட்டும். அங்கே 0 நிரப்பினால் ‘உள்ளானே இல்லாத ஏரி’ என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். அந்த ஏரியையோ உள்ளான் நெடுவரிசைகளையோ விலக்குவதே நேர்மை.

ஓரிடத்தில் 1 மணி நேரம், இன்னோரிடத்தில் 3 மணி நேரம் எண்ணியிருந்தால்? இரு ஏரிகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று சொல்லும் தொலைவு அளவைகளுக்கு நேரத்தால் வகுப்பது ஓரளவு ஈடுசெய்யும். பாய்சான் போன்ற எண்ணிக்கை மாதிரிகளுக்கு வகுக்கக் கூடாது, அவை முழு எண்ணையே கேட்கும். நேரத்தின் மடக்கையை (லாகரிதம்) ஆஃப்செட்டாக, அதாவது மாதிரி மதிப்பிடாமல் அப்படியே கூட்டிக்கொள்ளும் உறுப்பாகக் கொடுங்கள்.

பெரிய எண்களைச் சுருக்கும் உருமாற்றத்துக்கு வருவோம். 5000 ஊசிவால் வாத்துகளும் 12 பாம்புத்தாராக்களும் உள்ள ஏரியில் வாத்து ஒன்றே முடிவைத் தீர்மானித்துவிடும். வர்க்கமூலம் எடுத்தால் 70.7, 3.5, நான்காம் மூலம் எடுத்தால் 8.4, 1.9. கூட்டத்தைக் குத்துமதிப்பாக எண்ணிய தரவுக்கு நான்காம் மூலம் அதிகப்படியல்ல.

உருமாற்றாத பச்சை எண்ணிக்கையில் யூக்ளிட் தொலைவை (வித்தியாசங்களின் வர்க்கங்களைக் கூட்டி எடுக்கும் வர்க்கமூலம்) போடாதீர்கள். மூன்று ஏரி, மூன்று இனம் என்று வையுங்கள்: அ (10, 10, 0), ஆ (40, 40, 0), இ (0, 0, 10). யூக்ளிட் கணக்கில் அ–ஆ தொலைவு 42.4, அ–இ 17.3. ஒரு பறவைகூடப் பொதுவில்லாத இ-தான் ‘நெருக்கம்’! வித்தியாசங்களின் கூட்டுத்தொகையை இரு ஏரிகளின் மொத்தத்தால் வகுக்கும் ப்ரே–கர்ட்டிஸ் அளவையில் அ–ஆ 0.6, அ–இ 1. ஹெலிங்கர் உருமாற்றத்தில், அதாவது வரிசைக் கூட்டுத்தொகையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தபின், அ–ஆ தொலைவு 0, அ–இ 1.41. ஹெலிங்கர் மொத்த எண்ணிக்கையைத் தூக்கி எறிந்துவிடுகிறது. பறவை குறைந்ததா என்பதே கேள்வியென்றால் அது உதவாது.

பறவையே இல்லாத இரண்டு வறண்ட ஏரிகளை ஒப்பிட்டால் ப்ரே–கர்ட்டிஸில் 0/0 ஆகும். அவற்றை விலக்குங்கள், விலக்கியதை அறிக்கையில் எழுதுங்கள். ஓரிரு ஏரியில் மட்டும் தென்பட்ட இனங்களை, ஏரிகளின் ஒற்றுமையைக் காட்டும் வரைபடத்துக்காக நீக்கலாம். இனவளத்தை (மொத்தம் எத்தனை இனங்கள் என்பதை) மதிப்பிடும் சாவோ 1 சூத்திரத்துக்கு நீக்கவே கூடாது, ஒற்றையாகவும் இரட்டையாகவும் கிடைத்த இனங்களை வைத்துத்தான் அது கணக்கிடுகிறது.

கடைசியாக, நீர் ஆழம், உப்புத்தன்மை உள்ள அட்டவணையின் வரிசை ஒழுங்கைச் சரிபாருங்கள். ஆர் மொழியில் இத்தகைய பகுப்பாய்வுக்குப் பயன்படும் வீகன் தொகுப்பு ஏரிப் பெயரைப் பார்த்துப் பொருத்தாது. முதல் வரிசைக்கு முதல் வரிசை என்றே எடுத்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் அகரவரிசைப்படுத்தியிருந்தால் பிழைச்செய்தி எதுவும் வராது, அழகான வரைபடம் ஒன்று வரும்.