தைராய்டு மாத்திரையும் தொண்டை வலியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேளை தவறுவது, அளவு மாறுவது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். சென்ற வாரம் ஒரு பயிற்சி மருத்துவர், பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறைச் செய்யப் பேனாவை எடுத்தார். அதனால்தான் எழுதுகிறேன்.

தொண்டை வலியைத் தொண்டை வலியாக மட்டும் பார்ப்பது

தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்குக் கார்பிமசோல் கொடுக்கிறோம். ஆயிரத்தில் 2 முதல் 5 பேருக்கு, பெரும்பாலும் முதல் 3 மாதங்களுக்குள், அது கிருமிகளோடு போராடும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்களை ஏறக்குறைய துடைத்தெடுத்துவிடுகிறது.

என்னிடம் வந்த அம்மாவுக்கு அது ஆறாவது வாரம். காய்ச்சல்; எச்சில் விழுங்க முடியவில்லை; நாக்கின் ஓரத்தில் இரண்டு புண்கள். டார்ச் அடித்துப் பார்த்தேன். தொண்டை சிவந்திருந்தது, சீழ் இல்லை. அதைக் கண்டு நிம்மதியடைந்தேன்! சீழ் பிடிக்கவே நியூட்ரோஃபில் வேண்டும் என்று படித்தது அப்போது நினைவுக்கு வரவில்லை. பாராசிட்டமாலும் ஆன்டிபயாட்டிக்கும் எழுதி, "தைராய்டு மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்" என்று வேறு சொல்லி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் ஸ்ட்ரெச்சரில் வந்தார். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குக் கீழே போனாலே ஆபத்தான நியூட்ரோஃபில் எண்ணிக்கை, அவருக்கு 100-ஐக்கூடத் தொடவில்லை. பிழைத்துக்கொண்டார்; அதில் என் சாமர்த்தியம் எதுவுமில்லை.

காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் எது வந்தாலும் மாத்திரையை உடனே நிறுத்தி, அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இதை மருந்து எழுதும் நாளிலேயே சொல்ல வேண்டும். "சொல்லிவிட்டேன் சார்" என்கிறார்கள். நோயாளியைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் விழிக்கிறார்.

மொத்த எண்ணிக்கையோடு திருப்தியடைவது

வெள்ளையணு 2,400 என்றால் 'கொஞ்சம் குறைவு' என்று தோன்றும். அதில் நியூட்ரோஃபில் 3 சதவீதம் என்றால் கணக்கு 72. வகைவாரி எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

"போன வாரம் சரியாக இருந்ததே"

நியூட்ரோஃபில் எண்ணிக்கை சில நாட்களிலேயே சரிந்துவிடும்.

மருந்தை மாற்றிக் கொடுப்பது

கூடாது. அதே வகை மாற்று மருந்தான புரோபைல்தயோயூராசிலிலும் இதே ஆபத்து உண்டு.

"முன்பு சாப்பிட்டபோது ஒன்றும் ஆகவில்லையே"

இடைவெளி விட்டு மீண்டும் தொடங்கினாலும் வரலாம். முதல் நாள் எச்சரிக்கையை மறுபடி சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் 'தைராய்டு மாத்திரை' என்பது

சுரப்பு குறைந்தவர்கள் சாப்பிடும் லெவோதைராக்சின் நியூட்ரோஃபிலை இப்படித் துடைத்தெடுப்பதில்லை. இதைக் கேட்டுப் பயந்துபோய் அதை நிறுத்திவிட்டு வருபவர்களும் உண்டு. ஆனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு லெவோதைராக்சினைத் தொடங்கினால் ரத்தம் உறைவது மேலும் குறையும், ஐ.என்.ஆர். என்னும் ரத்த உறைவுப் பரிசோதனையைப் பார்த்து வார்ஃபரின் அளவைத் திருத்த வேண்டும்.