களிமண் வினையூக்கிக்குக் காப்புரிமை மறுத்தால்: மேல்முறையீட்டில் சறுக்கும் இடங்கள்

மண்டபம், பாம்பன் பக்கம் வெயிலில் கிடந்த சாளை மீனில் எடுக்கும் எண்ணெயில் தனிக் கொழுப்பு அமிலம் ஏறிப்போயிருக்கும். காரம் போட்டால் சோப்பாகத் திரளும். அமிலத்தில் பதப்படுத்திய பெண்டோனைட் களிமண்ணை வினையூக்கியாகப் போட்டு, அந்த அமிலத்தை மெத்தனாலோடு எஸ்டராக்கலாம். அதற்கு ஒருவர் காப்புரிமை கேட்டு, 'துறை அறிந்தவருக்கு இது வெளிப்படை' என்று மறுப்பு வந்ததாக வைத்துக்கொள்வோம். ஆச்சரியமில்லை, அமிலக் களிமண் பழைய சரக்குதான்.

பெரும்பாலும் வழக்கு தோற்பது ஒப்பீட்டு அட்டவணையில். விண்ணப்பத்தை மறுத்த காப்புரிமை அதிகாரியான கன்ட்ரோலர் காட்டிய பழைய ஆவணம் களிமண்ணைப் பேசும். விண்ணப்பதாரரோ கந்தக அமிலத்தோடு ஒப்பிட்டு 'எங்கள் விளைச்சல் அதிகம்' என்பார். செல்லாது. அந்தப் பழைய களிமண்ணையே செய்து, அதே எண்ணெய், அதே மெத்தனால் விகிதம், வெப்பம், நேரம் வைத்து ஓட்ட வேண்டும். உங்கள் வித்தியாசம் ஒன்றுதான் மாறலாம். களிமண் இல்லாமல் ஒன்று, பதப்படுத்தாத களிமண்ணில் ஒன்று என இரண்டு ஓட்டமும் வேண்டும்.

இன்னொன்றைப் பலர் மறக்கிறார்கள். வினை பாதியில் இருக்கும்போதே சூட்டோடு வடிகட்டி, திரவத்தை மட்டும் அதே வெப்பத்தில் தொடருங்கள். அதில் எஸ்டர், களிமண்ணே போடாத ஓட்டத்தைவிட வேகமாக ஏறினால், சரியாகக் கழுவாத களிமண்ணிலிருந்து அமிலம் கசிந்து வேலை செய்கிறது. எதிர்த்தரப்பு இதைப் பிடித்தால் 'களிமண் வினையூக்கி' என்ற வாதமே விழும். இவை விண்ணப்பத்திலேயே இருந்தால் நல்லது. மேல்முறையீட்டில் புதிதாக நுழைப்பது கடினம்.

காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(டி)-யையும் பார்க்காமல் விடாதீர்கள். தெரிந்த செயல்முறையின் வெறும் பயன்பாடு, புதிய பொருளும் தராமல், புதிய வினைபடுபொருள் ஒன்றுகூட இல்லாமல் இருந்தால், கண்டுபிடிப்பாகாது. வினையூக்கி வினைபடுபொருளா என்ற கேள்வி வந்தே தீரும். பொருளாதார லாபத்தை மட்டும் பேசுவதும் வீண். பிரிவு 2(1)(ஜேஏ) லாபத்தோடு 'வெளிப்படையாக இல்லாமை'யையும் கேட்கிறது.

மறுப்பு உத்தரவு பழைய ஆவணங்களை அடுக்கிவிட்டு, அவற்றிலிருந்து உங்கள் முறைக்கு எப்படி வர முடியும் என்று சொல்லாமல் விட்டிருந்தால், அதை முதல் காரணமாக எழுதுங்கள். 2022-இல் அக்ரிபோர்டு வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த விளக்கம் அவசியம் என்றது.

கோரிக்கையை (எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்ற பகுதியை) திருத்தும்போது, தாக்கல் செய்த விவரணத்தில் இல்லாத '300 டிகிரியில் சுட்ட களிமண்' போன்றவற்றைச் சேர்க்க முடியாது. பிரிவு 59 தடுக்கும்.

காப்புரிமை மேல்முறையீடுகளை முன்பு கேட்ட அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைந்தது. இப்போது சென்னை காப்புரிமை அலுவலக உத்தரவை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றம் போக வேண்டும். உத்தரவுத் தேதியிலிருந்து 3 மாதம். அங்கே வாதாட காப்புரிமை ஏஜென்ட் போதாது, வக்கீல் வேண்டும்.