மண்சரிவில் மாட்டை இழந்தவர்கள் அரச நட்டஈடு கேட்பது எப்படி?

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் வீடுகளோடு மாட்டுப்பட்டிகளையும் கொண்டுபோனது. கால்நடை இழந்தவர்களுக்கு அரசாங்கம் நட்டஈடும் அறிவித்தது. ஆனால் அறிவித்த காசு தானாக வீடு தேடி வராது. மாடு உங்களுடையது என்பதும், அது செத்தது அந்த அனர்த்தத்தில்தான் என்பதும் தாளில் இருக்க வேண்டும். லயத்துக்குப் பின்னால் ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் தோட்டத்து ஆட்கள் இதில் விடுபட்டுப் போகக்கூடாது.

முதல் வேலை, படம் எடுப்பது. அவசரப்பட்டுப் புதைத்துவிடாதீர்கள். முழு உடம்பும் தெரிய ஒரு படம், இடிந்த பட்டியோடு சேர்த்து ஒரு படம், காதுப் பட்டியில் இருக்கும் இலக்கம் வாசிக்கிற மாதிரி கிட்டத்தில் ஒரு படம். இலக்கத்தைச் சேறு மூடியிருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். காதுப் பட்டி இல்லையா? நெற்றிச் சுட்டி, கொம்பு, உடம்பில் உள்ள புள்ளி எல்லாம் தெரியட்டும். மாட்டை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தால் வெறும் மாட்டுப்பட்டியையும் அறுந்த கயிற்றையும் படம் எடுங்கள். பக்கத்து வீட்டார் இருவரிடம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

அன்றைக்கே கிராம உத்தியோகத்தருக்கும் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கும் சொல்லிவிடுங்கள். பாதை அடைபட்டு யாரும் வர முடியாவிட்டால், படத்தை அனுப்பிக் கேட்டுவிட்டுப் புதைக்கலாம். பீலிக்கும் ஊற்றுக்கும் தள்ளி, ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

அப்புறம் ஆவணங்கள். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் இரண்டின் பிரதியும் வேண்டும். இரண்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் இழுபறிதான். கால்நடை வைத்திய அலுவலகத்தில் பண்ணையைப் பதிந்திருந்தால் அந்தப் பதிவு மிகப் பெரிய பலம். மாடு உயிரோடு இருப்பவர்கள் இந்த வாரமே போய்ப் பதிந்துவிடுங்கள். பதிவு இல்லாதவர்கள் பால் ஊற்றிய சிட்டைகள், சினை ஊசி போட்ட ரசீது, தடுப்பூசி அட்டை என்று கையில் இருப்பதையெல்லாம் சேருங்கள். காணி தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் மாடும் உங்களுடையது இல்லை என்றாகிவிடாது. நீங்கள் அங்கே குடியிருப்பதற்குத் தோட்ட நிர்வாகத்திடமோ கிராம உத்தியோகத்தரிடமோ கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

படிவத்தை எங்கே கொடுப்பது என்பது அந்தந்த நேரத்துச் சுற்றறிக்கையைப் பொறுத்தது. பிரதேச செயலகம், கால்நடை வைத்திய அலுவலகம் இரண்டிலும் கேளுங்கள். கடைசித் திகதியையும் அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழில் நிரப்பிக் கொடுப்பது உங்கள் உரிமை; 1987இல் வந்த 13ஆம் திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி. "சிங்களத்தில் எழுதிக்கொண்டு வா" என்று யாராவது சொன்னால் தயங்காமல் இதைச் சொல்லுங்கள். விளங்காத சிங்களப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கொடுத்த படிவத்தின் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் வெளியே வராதீர்கள். மாதக்கணக்கில் பதில் இல்லாவிட்டால் அதே அலுவலகத்தின் தகவல் அதிகாரியிடம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "என் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது?" என்று எழுதிக் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும்.