மிக்ஸி சத்தத்துக்கு அலறும் பிள்ளையைப் பழக்குவது எப்படி?

சட்னி அரைக்க மிக்ஸியைப் போட்டதும் காதைப் பொத்திக்கொண்டு ஓடும் பிள்ளையைப் பார்த்து, "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள்" என்று சொல்ல ஊரில் ஆள் நிறைய உண்டு. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு அந்தச் சத்தம் நிஜமாகவே தாங்க முடியாதது. பெரும்பாலும் காதில் கோளாறு இருக்காது. காது வாங்கிய சத்தத்தை மூளை வடிகட்டுவதில்தான் சிக்கல். நாம் இரண்டு நிமிடத்தில் மறந்துபோகும் ஃபேன் சத்தம் அவர்களுக்கு மறையாமல் கேட்டுக்கொண்டே இருக்கலாம். மனநல மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும், 2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5 கையேடு, ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களில் இந்தப் புலனுணர்வு வேறுபாட்டையும் சேர்த்தது.

மிக்ஸிக்கு அழுகிற அதே பிள்ளை டிவியை அலறவிட்டுப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். ரிமோட் அவன் கையில் இருக்கிறது, அதுதான் வித்தியாசம். சத்தம் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரியாததே பாதித் தொல்லை. கீழே உள்ள எல்லாப் படிகளும் அந்த ரிமோட்டைப் பிள்ளையிடம் கொடுக்கும் வேலைதான்.

தொடங்குமுன் ஒருமுறை காதைக் காட்டிவிடுங்கள். காதுக்குள் அழுக்கு அடைத்திருந்தாலோ, நடுச்செவியில் தொற்று இருந்தாலோ பயிற்சி பலிக்காது. நேற்றுவரை சும்மா இருந்த பிள்ளை திடீரென்று காதைப் பிடித்து அழுதால், தாமதிக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

படி 1: ஒரு வாரம் குறிப்பு எழுதுங்கள்

நோட்டில் நான்கு கட்டம்: நேரம், என்ன சத்தம், எவ்வளவு தூரத்தில், பிள்ளை என்ன செய்தான். நாம் மிக்ஸி என்று நினைப்போம். நோட்டைப் பார்த்தால் தண்ணீர் மோட்டாரோ டியூப்லைட்டின் ரீங்காரமோ காரணமாக இருக்கும். பசி, தூக்கக்குறைவு, பள்ளி விட்டு வந்த களைப்பு இருக்கும் நேரங்களில் சிறிய சத்தமும் பெரிதாகும். அதையும் எழுதுங்கள். வாரக் கடைசியில் ஒரே ஒரு சத்தத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு வேண்டாம்.

படி 2: சத்தத்தையே குறையுங்கள்

மிக்ஸிக்கு அடியில் யோகா மேட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் போட்டால் மேடை அதிர்வது குறையும். மடித்த துண்டு வேண்டாம். அடியில் இருக்கும் காற்றுத் துளைகளை அடைத்து மோட்டாரைச் சூடாக்கிவிடும். பருப்பை ஊறவைத்து, முதல் விசில் வந்ததும் அடுப்பை சிம்மில் வைத்தால் விசில்கள் அரிதாகும். வெயிட்டின் மேல் துணி போட்டு மூடுவது மட்டும் கூடவே கூடாது, அது ஆபத்து.

படி 3: சொல்லிவிட்டுப் போடுங்கள்

மிக்ஸியின் படத்தைக் காட்டி, "மிக்ஸி, பத்து எண்ணும் வரை" என்று தினமும் அதே சொற்களில் சொல்லுங்கள். மூன்று, இரண்டு, ஒன்று எண்ணிப் போடுங்கள். பத்தில் நிறுத்திவிட வேண்டும், சட்னி அரைபடாவிட்டாலும் சரி. மீதிக்கு இன்னொரு முறை எண்ணிக்கொள்ளலாம். "போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவன் திரும்பிய நேரம் பார்த்துப் போட்டால், ஒரு வார உழைப்பு அன்றே போய்விடும்.

படி 4: ஏணி (சத்தத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டுவது)

மிக்ஸி சத்தத்தைப் போனில் 10 நொடி பதிவுசெய்யுங்கள். பிள்ளை பிடித்த விளையாட்டில் இருக்கும்போது, கேட்டும் கேட்காத ஒலியளவில் போடுங்கள். பட்டனை அழுத்துவதும் நிறுத்துவதும் அவன் விரல். நாளைக்கு ஒருமுறை, ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மூன்று நாள் தொடர்ந்து இயல்பாக இருந்தால் ஒலியளவை ஒரு கோடு கூட்டுங்கள்.

பதிவு பழகியபின் நிஜ மிக்ஸி. முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொட்டுப் பார்க்கட்டும். அடுத்து, அவன் தூரத்து அறையில் கதவடைத்து இருக்க, ஒரு நொடி ஓட்டம். கதவு திறந்து ஒரு நொடி. பிறகு சமையலறை வாசல். கடைசியில் ஜாரில் கால் டம்ளர் தண்ணீர் ஊற்றி, மூடியை நீங்கள் அழுத்திப் பிடித்துக்கொள்ள, திருகை அவனே திருப்பட்டும். இதற்கு மாதங்கள் ஆகலாம்.

பெரும்பாலான வீடுகளில் ஏணி உடைவது அவசரத்தால்: இரண்டு நாள் அழவில்லை என்றதும் நேராகச் சமையலறைக்கு இழுத்துப் போவது. பிள்ளை அழாமல் உறைந்துபோய் நிற்பது அமைதி அல்ல. மூச்சைப் பிடிப்பது, கையுதறல் கூடுவது, முகம் இறுகுவது தெரிந்தால் அங்கேயே நிறுத்தி ஒரு படி இறங்குங்கள். கையைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்கச் செய்வது பயத்தைத்தான் பழக்கும். ஏணி தடுமாறினால், அன்றாடச் செயல்களுக்கும் புலனுணர்வுக்கும் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் துணை தேவை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் டி.இ.ஐ.சி. மையத்தில் (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் மாவட்ட மையம்) கேட்டுப் பாருங்கள்.

காதுக்கவசம்

தலைக்கு மேல் மாட்டும், குழந்தை அளவிலான கவசம் வாங்குங்கள். அட்டையில் 20 முதல் 30 டெசிபல் குறைப்பு என்று இருந்தால் போதும். சிறு பிள்ளைகளுக்குப் பஞ்சு அடைப்பான் வேண்டாம், வாயில் போட்டுக்கொள்வார்கள். இரைச்சலை மின்னணு முறையில் நீக்கும் விலையுயர்ந்த ஹெட்போன், பஸ் எஞ்சின் போன்ற ஒரே சீரான இரைச்சலுக்கு நல்லது. வெடிச் சத்தத்துக்கு அதை நம்பிப் பணம் போடாதீர்கள். அமைதியான வீட்டிலும் நாள் முழுக்க மாட்டியிருந்தால் மூளை சின்னச் சத்தத்தையும் பெரிதாக வாங்கத் தொடங்கும். அதற்காகப் பிடுங்கவும் கூடாது. அமைதியான நேரங்களில் ஐந்தைந்து நிமிடமாகக் குறையுங்கள்.

தீபாவளி

உச்ச நீதிமன்றத்தின் 2018 உத்தரவுக்குப் பின் தமிழ்நாட்டில் அன்று காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று பட்டாசு வெடிக்க நேரம் வைத்தார்கள். அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்து, கடிகாரம் வரைந்து பிள்ளைக்குக் காட்டுங்கள். தெருவுக்கு இந்த நேரமெல்லாம் தெரியாது என்பதால் கவசம் நாள் முழுக்கக் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஒரு மாதம் முன்பே வெடிப் பதிவில் ஏணியைத் தொடங்குங்கள். அன்றைக்குத் தெருவிலிருந்து தள்ளிய உள்ளறை, மூடிய ஜன்னல், பழகிய பாட்டு.

தூரமும் உதவும்: திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபல் குறையும். 4 மீட்டரில் நிற்பவர் 32 மீட்டருக்குப் போனால் 18 டெசிபல் குறைவு. கல்யாண மண்டபத்தில் சுவர்கள் எதிரொலிப்பதால் இந்தக் கணக்கு அப்படியே வராது. அங்கே ஸ்பீக்கருக்கு எதிர்த்திசையில், வாசலையொட்டி உட்காருங்கள், கெட்டிமேளத்துக்கு முன்பே வெளியே போய்விடுங்கள்.

மீறிப்போய் நிலைகுலைந்துவிட்டால்

பேச்சைக் குறையுங்கள். "என்ன ஆச்சு, என்ன வேணும்" என்ற கேள்விகளும் அந்த நேரத்தில் சத்தம்தான். அமைதியான இடத்துக்குக் கூட்டிப் போய், விளக்கைக் குறைத்து, சற்றுத் தள்ளி உட்காருங்கள். அணைத்தால் பிடிக்கும் பிள்ளையை மட்டும் அணையுங்கள். தெளிய அரை மணி நேரமோ கூடுதலாகவோ ஆகலாம். மறுநாள் பயிற்சி வேண்டாம். அதற்கடுத்த நாள், விட்ட இடத்துக்கு இரண்டு படி கீழேயிருந்து தொடங்குங்கள்.