புராசசர், மதர்போர்டு மாற்றப் போகிறீர்களா? பணம் வீணாகும் இடங்கள் இவை

கணினியில் கேம் திணறுகிறது என்றதும், அதன் மூளையான புராசசரை மாற்றியே தீர வேண்டும் என்று முடிவெடுத்து, பணத்தோடு மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடைகள் பக்கம் கிளம்பிவிடுகிறார்கள் பலர். பதினைந்தாயிரம், இருபதாயிரம் சேர்க்க ஒரு கல்லூரி மாணவன் எத்தனை மாதம் பல்லைக் கடித்திருப்பான்! அந்தப் பணத்தை எடுப்பதற்கு முன், திணறல் எங்கிருந்து வருகிறது என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். கணினியின் பாகங்கள் எவ்வளவு உழைக்கின்றன என்று காட்டும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் போட்டு, விசிங்கை (திரையின் வேகத்துக்கு மேல் கேம் ஓடாமல் தடுக்கும் அமைப்பு) அணைத்துவிட்டு, கேம் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டின் பயன்பாட்டைக் கவனியுங்கள். 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கார்டுதான் மூச்சு வாங்குகிறது. எந்தப் புராசசர் போட்டாலும் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படங்கள் திரையில் வருகின்றன என்ற கணக்கு) பெரிதாக ஏறாது. கார்டு 60, 70 என்று சும்மா கிடந்து எஃப்பிஎஸ்ஸும் குறைவாக இருந்தால்தான் புராசசர் மேல் சந்தேகப்பட வேண்டும். புராசசரின் மொத்தப் பயன்பாடு 50 சதவீதம்தானே காட்டுகிறது என்று ஏமாந்துவிடாதீர்கள். ஒரே ஒரு கோர் (புராசசருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதி) நிரம்பி வழிந்தாலும் மொத்தக் கணக்கு குறைவாகத்தான் தெரியும். ஒவ்வொரு கோரையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ராம் ஒரே ஸ்டிக்காக இருந்தாலும் இதே மாதிரி திணறும். அதற்கு இன்னொரு ஸ்டிக் போட்டு டூயல் சேனல் (இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் முறை) ஆக்கிப் பார்ப்பது எவ்வளவோ மலிவு.

சரி, புராசசர்தான் என்று உறுதியாகிவிட்டது. இங்கேதான் பெரும்பாலோர் செலவை இரட்டிப்பாக்குகிறார்கள். கேபினட்டுக்குள் ஏற்கெனவே என்ன போர்டு இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் (புராசசர் உட்காரும் இடம்) போர்டு வைத்திருப்பவர்கள் உண்மையில் கொடுத்து வைத்தவர்கள். ரைசன் 3 2200ஜி புராசசர் போட்ட பழைய பி450 போர்டிலேயே ரைசன் 5 5600 உட்காரும். முதல் தலைமுறை ஏ320, பி350 போர்டுகளுக்கும் 2022-இல் ரைசன் 5000 வரிசைக்கான வழி திறந்தது. போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான சிபியு சப்போர்ட் பட்டியலைத் திறந்து, எந்த பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) பதிப்பிலிருந்து ஆதரவு என்று பாருங்கள். போர்டின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ரெவிஷன் எண் அச்சிட்டிருந்தால் அதையும் ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் இரண்டு ரெவிஷன் இருந்தால் பயாஸ் கோப்பும் வேறாக இருக்கலாம்.

பழைய புராசசர் போர்டில் இருக்கும்போதே புதிய பயாஸை ஏற்றிவிட வேண்டும். புதியதை மாட்டிய பிறகு திரையே வராமல் போனால், புராசசர் உதவியின்றியே பயாஸை ஏற்றும் ஃப்ளாஷ்பேக் பட்டன் இல்லாத போர்டில் திரும்பவும் பழையதைத்தான் மாட்டியாக வேண்டும். பயாஸ் ஏறும்போது கரண்ட் போனால் போர்டே செத்துவிடக்கூடும். நம்மூரில் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரத்தை நிறுத்தும் நாள் பேப்பரில் வரும், அன்றைக்கு வேண்டாம். மற்ற நாட்களிலும் யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள்.

புராசசர் மேல் உள்ள ஏஎம்4 கூலரை (குளிர்விக்கும் விசிறி) நேராக இழுக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோய்ப் புராசசரைப் பிடித்துக்கொண்டிருக்கும். லிவர் பூட்டியிருந்தாலும் புராசசர் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிடும், அடியில் உள்ள பின்கள் வளைந்துவிடும். பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஸ்க்ரூக்களைக் கழற்றி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். பிடி விட்டது கையிலேயே தெரியும். அப்புறம் தூக்குங்கள்.

5600-க்கும் 5600ஜி-க்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஜி-யில் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. ஆனால் எல்3 கேஷ் (புராசசருக்குள்ளேயே உள்ள வேக நினைவகம்) 32 எம்பிக்குப் பதில் 16 எம்பி, பிசிஐஇ (கார்டோடு பேசும் பாதை) 4.0-க்குப் பதில் 3.0. தனி கார்டு இருந்தால் 5600தான் சரி. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி அந்தப் பாதையில் நான்கு லேன் மட்டும் உள்ள கார்டு 3.0-இல் கண்கூடாக அடிவாங்கும். தனி கார்டு இல்லாதவர் 5600 வாங்கினால் திரையில் ஒன்றுமே வராது. இன்டெலில் எஃப் என்று முடியும் மாடல்களுக்கும் இதே கதை.

இன்டெல் பழைய போர்டுக்காரர்களுக்கு இந்த வசதி குறைவு. 6, 7-ஆம் தலைமுறையும் 8, 9-ஆம் தலைமுறையும் எல்ஜிஏ 1151 சாக்கெட் என்றுதான் சொல்லப்படும், ஆனால் 6, 7-க்கான எச்110 போர்டில் 8-ஆம் தலைமுறை ஓடாது. போர்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். அப்போது கையில் உள்ள டிடிஆர்4 வகை ராமைக் காப்பாற்றப் பாருங்கள். 2025 இறுதியில் ராம் விலை எப்படி ஏறியது என்று எல்லோரும் பார்த்தோம். அதன் பின் வந்த இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. ஒன்றுக்கான ஸ்லாட்டில் மற்றது ஏறாது. ஐ5-12400எஃப், டிடிஆர்4 உள்ள பி660 அல்லது பி760 போர்டு, பழைய ராம்: குறைந்த பட்ஜெட்டுக்கு என் வாக்கு இதற்குத்தான். ஏஎம்டியின் ஏஎம்5 நல்ல சாக்கெட்தான், ஆனால் டிடிஆர்5 மட்டுமே எடுக்கும். எல்லாவற்றையும் புதிதாக வாங்குபவர் அதை யோசிக்கலாம்.

எல்ஜிஏ 1700-இலேயே எச்610 போர்டு மலிவு. 12400எஃப்-க்குப் போதும். நாளை ஐ7 போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால் வேண்டாம். பலவற்றில், புராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் மேல், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கே இருக்காது. மே மாதம் மதுரையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் அந்தப் போர்டு சூடேறி, புராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இன்டெலில் கே என்று முடியும் புராசசரை வாங்கி, பெயர் எச், பி என்று தொடங்கும் இன்டெல் போர்டில் போடுவதும் வீண். அவற்றில் புராசசரை ஓவர்கிளாக் செய்ய (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்ட) முடியாது.

"ஐ7 காம்போ, ரொம்பக் கம்மி விலை" என்று யாராவது ஐ7-2600-ஐயும் எச்61 போர்டையும் காட்டினால் தயவுசெய்து விலகுங்கள். அது 2011-இல் வந்தது. அதே நான்கு கோர், எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் எட்டு வேலை) உள்ள ஐ3-12100எஃப் அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியல் இன்டெலில் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையில் தொடங்குகிறது, ஐ7-2600 அதில் இல்லை. வாலரன்ட் கேம் விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும்.

அலுவலகங்களில் கழித்துவிட்ட பிராண்டட் டெஸ்க்டாப்பை வைத்திருப்பவர்கள் எஸ்எம்பிஎஸ்ஸையும் (மின்சாரம் தரும் பெட்டி) பார்த்துக்கொள்ளுங்கள். பல மாடல்களில் வழக்கமான 24 பின் கனெக்டர் இருக்காது, போர்டும் வேறு கேபினட்டில் பொருந்தாது.

கடையில் ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பாக்ஸ் புராசசருக்கு மூன்று ஆண்டு வாரண்டி. பெட்டியில்லாமல் டிரே என்று தனியாகத் தருவதற்கு அந்த வாரண்டி இருக்காது, கடைக்காரர் தருவதுதான். பின்கள் சாக்கெட்டிலேயே உள்ள இன்டெல், ஏஎம்5 போர்டு வாங்கினால் பணம் கொடுக்குமுன் அங்கேயே சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியை எடுத்து, போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். பின்கள் எல்லாம் ஒரே சீராக மின்ன வேண்டும். ஒன்று வளைந்திருந்தாலும் அந்த இடம் மட்டும் வேறு மாதிரி தெரியும். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு கண்டுபிடித்தால் நீங்கள் வளைத்தது என்றுதான் சொல்வார்கள். அந்த மூடியைப் பத்திரமாக வையுங்கள், வாரண்டிக்குப் போர்டை அனுப்பும்போது அதை மாட்டித்தான் அனுப்ப வேண்டும்.